சாம்ப்பிலிருந்து டாக்கருக்கு: தரவுத்தள இணைப்புப் பிழைகளுடன் நெடுநாள் பழக்கம்

லாராவெல் என்ற பிஎச்பி மொழிக் கட்டமைப்பைக் கொண்டு இணையதளங்கள் உருவாக்கும் பணிக்காக, வலைச் சேவையகமும் தரவுத்தளமும் சேர்ந்து வரும் சாம்ப் (XAMPP) தொகுப்பை விண்டோஸிலும், நிரல்களைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை (Docker) பின்னர் உபுண்டுவிலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இணைப்புப் பிழை இரண்டிலும் வரத்தான் செய்கிறது. வரும் இடம்தான் வேறு. எதையும் மாற்றுவதற்கு முன் பிழை எண்ணைப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். 2002 என்றால் சேவையகத்தை எட்டவே இல்லை. அப்போது கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பது வீண். 1045 என்றால் சேவையகம் பதில் சொல்லி, அனுமதியை மறுத்திருக்கிறது. 1049 வந்தால் அந்தப் பெயரில் தரவுத்தளம் இல்லை, அவ்வளவுதான்.

சாம்ப்பின் பலம், நிறுவியதும் வேலை செய்வது. கட்டுப்பாட்டுப் பலகையில் தரவுத்தளச் சேவையகத்தின் பெயர் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் 2015 முதல் உள்ளே இருப்பது அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபி. அதே கணினியில் தனியாக நிறுவிய மைஎஸ்க்யூஎல் விண்டோஸ் சேவையாக ஓடிக்கொண்டிருந்தால், மைஎஸ்க்யூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 போர்ட்டை (இணைப்பு வாயில் எண்) அது பிடித்துக்கொள்ளும். நம் நிரலும் அதனிடமே போய் 1045 வாங்கி வரும். கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கும், தட்டிய கதவுதான் வேறு. மின்தடைக்குப் பிறகு சேவையகம் எழவில்லை என்றால் முதலில் பிழைப் பதிவுக் கோப்பைப் பார்க்க வேண்டும். சாம்ப்புடன் வரும் பேக்கப் கோப்புறையை அப்படியே டேட்டா கோப்புறையின் மேல் நகலெடுக்கச் சொல்லும் பரவலான அறிவுரை ஆபத்தானது. அட்டவணைகளின் விவரங்களை வைத்திருக்கும் பழைய ஐபிடேட்டா1 (ibdata1) கோப்பு அழிந்தால், இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகளைத் திறக்க முடியாமல் போகும்.

உபுண்டுவில் சேவையக முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்று கொடுத்தால், ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் யூனிக்ஸ் சாக்கெட் கோப்பை பிஎச்பி தேடும், அதே கணினியின் எண் முகவரியான 127.0.0.1 என்று கொடுத்தால் போர்ட் வழியே செல்லும். சாக்கெட் கோப்பின் பாதை பொருந்தாதபோது இந்த ஒரு மாற்றமே 2002 பிழையைத் தீர்த்துவிடும்.

டாக்கரில் இதே சொல் இன்னொரு விதமாகக் குழப்புகிறது. கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னரையே குறிப்பதால், இணைப்பு அமைப்பில் ஹோஸ்ட் (சேவையக முகவரி) கேட்கும் இடத்தில் தரவுத்தளச் சேவையின் பெயரைத்தான் எழுத வேண்டும். வெளியே 3307 என்று திறந்துவைத்திருந்தாலும் கண்டெய்னர்களுக்கிடையே எண் 3306தான். அதிகாரபூர்வ மைஎஸ்க்யூஎல் இமேஜில் (கண்டெய்னரை உருவாக்கும் வார்ப்பு) ரூட் எனும் தலைமைப் பயனரின் கடவுச்சொல்லைத் தரும் சூழல் மாறி (environment variable), தரவு சேமிக்கப்படும் டேட்டா வால்யூம் காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டுமே செயல்படும் என்பதையும் கவனிக்க வேண்டும். பிறகு அதை எத்தனை முறை திருத்தினாலும் 1045 போகாது. தரவுத்தளம் தயாராகும் முன்பே செயலி ஓடிப்போய் இணைய முயல்வதை, தொடக்க வரிசையை மட்டும் குறிப்பிட்டுத் தடுக்க முடியாது. தரவுத்தளம் தயாரா என்று பார்க்கும் ஹெல்த்செக் சேர்த்து, அது தேறிய பிறகே செயலி தொடங்குமாறு அமைக்க வேண்டும். லாராவெல் அமைப்புகள் கேஷ் செய்யப்பட்டிருந்தால் (விரைவுக்காக நகலெடுத்து வைக்கப்பட்டிருந்தால்) சூழல் கோப்பில் (.env) செய்த திருத்தம் எதுவும் எட்டாது என்பதால், கேஷை அழித்துவிட்டே நான் அடுத்த சோதனைக்குப் போகிறேன்.

பழைய திட்டங்களைப் பராமரிப்போருக்கு ஒன்று: 2018இல் வெளியான மைஎஸ்க்யூஎல் 8.0 இயல்பான அங்கீகார முறையை மாற்றியது. பிஎச்பி 7.4 முதல் அம்முறைக்கு முழு ஆதரவு உண்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில் அடையாளம் தெரியாத அங்கீகார முறை என்ற பிழை வரலாம். இப்படி வெவ்வேறு பதிப்புகள் தேவைப்படும் திட்டங்கள் சேரும்போது டாக்கரையே தேர்ந்தெடுப்பேன். ஒரே ஒரு திட்டம், குறைந்த நினைவகமுள்ள மடிக்கணினி என்றால் சாம்ப் போதும்.