மியூசிக் நோட்ஸ் பாத்து வாசிக்க பழக நோட் ரஷ் ஆப், நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

சர்ச்ல பதினஞ்சு வருஷமா கீபோர்டு வாசிக்கிறேன், எல்லாம் காதுல கேட்டு வாசிக்கிறதுதான், கார்டு (chord, சேத்து அழுத்துற ஸ்வரங்கள்) தெரிஞ்சா போதும்னு ஓட்டியாச்சு. பொண்ணு ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசை தேர்வு வாரியம்) பரீட்சைக்கு பழக ஆரம்பிச்சப்பதான் சைட் ரீடிங்குக்கு மட்டும் 150க்கு 21 மார்க்குன்னு தெரிஞ்சுது, முன்ன பின்ன பாக்காத நோட்ஸ நீட்டுவாங்க, அரை நிமிஷம் பாத்துட்டு வாசிக்கணும். சரி, ரெண்டு பேருமே சேர்ந்து கத்துக்கலாம்னு ஆப் தேடுனோம்.

முதல்ல போட்டது பட்டன் ஆப், பேர் வேணாம். மேல ஒரு நோட் வரும், கீழ ஏ-ல இருந்து ஜி வரைக்கும் ஏழு பட்டன், சரியானத தட்டணும். ரெண்டே வாரத்துல நூத்துக்கு தொண்ணூறு வந்துது, செம சந்தோஷம். ஆனா புக்க விரிச்சு கீபோர்டு முன்னாடி உக்காந்தா கை நகரல! வாய் "ஜி"ன்னு சொல்லுது, எந்த ஜின்னு விரலுக்கு தெரியல, 61 கீ கீபோர்டுலயே அஞ்சு ஜி இருக்கே, அந்த ஆப் அத கேக்கவே இல்ல.

நோட் ரஷ்ல பட்டனே கிடையாது. ஃபோன ஸ்டாண்டுல வச்சிட்டா ஒரு நோட் காட்டும், நாம நம்ம கீபோர்டுலயே வாசிக்கணும், மைக் வழியா கேட்டுக்கும், சரியான ஆக்டேவ்ல (அஞ்சு ஜில எந்த ஜியோ அதையே) அழுத்துனாதான் அடுத்த நோட் வரும். இதுதான் எனக்கு வேண்டியிருந்துது.

எனக்கு பெரிய தலைவலி பேஸ் கிளெஃப், அதாவது இடது கை வாசிக்கிற அஞ்சு கோட்டுக்கு முன்னாடி போடுற குறி, வலது கைக்கு ட்ரெபிள் கிளெஃப். ட்ரெபிள்ல கடைசி கீழ்க்கோடு 'இ', பேஸ்ல அதே கீழ்க்கோடு 'ஜி', கண்ணு பழைய பழக்கத்துல 'இ'ன்னு படிச்சு இடது கை தப்பா போயிடும். ஆப்ல அந்த நோட்ட தப்பா அழுத்துனா நகரவே நகராது, அங்கயே நிக்கும், நாமளா யோசிச்சு கண்டுபிடிக்கணும். அப்பதான் கிளெஃப்போட அர்த்தமே உறைச்சுது, ட்ரெபிள் கிளெஃப் சுழிக்கிற கோடு ஜி, பேஸ் கிளெஃப்ல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற கோடு எஃப், ரெண்டு கிளெஃப்புக்கும் நடுவுல மிடில் சி. இந்த மூணையும் ஆணி அடிச்ச மாதிரி மனசுல வச்சுகிட்டா மத்ததெல்லாம் பக்கத்துல இருந்து எண்ணிக்கலாம், ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோடுன்னா நடுவுல ஒரு எழுத்த தாண்டுறோம், அவ்ளோதான். பொண்ணு இப்ப எண்ணுறதே இல்ல, பாத்ததும் கை போயிடுது.

மைக்ல கேக்குற எந்த ஆப்பா இருந்தாலும் ஃபேன ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க, வால்யூம் கொஞ்சம் கூட்டிக்கோங்க.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இது ஒவ்வொரு நோட்டா கேக்குற ஆப், தாளம் இதுல வராது, ரெண்டு கை சேத்து வாசிக்கவும் வராது. அதனால நாங்க தினம் அஞ்சு நிமிஷம் இது, அப்புறம் புக்குல புதுசா நாலு பார் (தாளக் கட்டம்), தப்பானாலும் நிறுத்தாம கடைசி வரைக்கும் வாசிப்போம்.

தாளத்துக்குன்னு கையில தட்டி பழகுற மாதிரி நல்ல ஆப் யாராச்சும் யூஸ் பண்ணியிருந்தா சொல்லுங்க, பொண்ணுக்கு புள்ளி வச்ச க்ராட்செட் (ஒண்ணரை தட்டு நீளுற நோட்) வந்தாதான் இன்னும் தடுமாறுது.