நாயைப் பழக்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கம் தோட்டம் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பற்றைக்குள் பதுங்கும் பறவையைக் கிளப்பிக் கலைக்கும் நாயாகப் பழக்கித் தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் எங்கள் ஜிம்மியைக் கொடுத்து ஏமாந்தோம். ஆளின் பேர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் கச்சான். விதை போட்ட மறுநாளே மயில் வந்து கிளறும். ஜிம்மி லாப்ரடோர் கலப்பு, அப்போது பத்து மாதம். பற்றைக்குள் பறவை பதுங்கியிருந்தால் மூக்கை நிலத்தில் வைத்து வளைந்து வளைந்து போவான், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூப்பிட்டதும் திரும்பி வரவும், கடிக்காமல் கலைக்கவும் பழகினால் போதும் என்றுதான் கொடுத்தேன். மயிலும் காட்டுக்கோழியும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, பிடிக்கப் பழக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

இரண்டு மாதம், 40,000 ரூபா, பாதி முற்பணம். இடையில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "வீட்டு ஆக்களைக் கண்டா நாய் பழகாது அண்ணை" என்றார். சரி என்றேன். அதுதான் நான் விட்ட பிழை. தடுப்பூசி அட்டையைக்கூட அவர் கேட்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஐம்பதாம் நாள் சொல்லாமல் போனேன். ஒரு முழக் கயிற்றில் கட்டிக் கிடந்தான். விலா எலும்பை எண்ணலாம். காதுமடலைப் புரட்டினால் ஆமணக்கங்கொட்டை மாதிரி வீங்கிய உண்ணிகள், ஒன்றோடு ஒன்று ஒட்டி. பல்முரசு வெளிறியிருந்தது. வவுனியாவில் மிருக வைத்தியர் இரத்தம் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார். டொக்சிசைக்கிளின் 28 நாள் கொடுத்தோம். உடம்பு தேறிவிட்டது.

தேறாதது பயம். "வெடிக்குப் பயம் தெளிய" என்று யானைவெடியை அவனுக்குப் பக்கத்திலேயே கொளுத்தியிருக்கிறார். அயல்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரியும். இப்போது இரவில் யாராவது யானை கலைக்க வெடி போட்டால் ஜிம்மி கட்டிலுக்குக் கீழே போய், முகத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறான். இருந்த இடத்திலேயே சலம் போய்விடும். வெடிச் சத்தத்துக்கு உடம்பு எப்படி ஒடுங்கும் என்று வன்னிச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சத்தத்துக்குப் பழக்குவது அப்படியில்லை. நாய் சோறு தின்னும்போது தொலைவில் சின்னதாகத் தகரம் தட்ட வேண்டும். கவலைப்படாமல் தின்றால் சில நாள் கழித்துக் கொஞ்சம் கிட்ட வரலாம். சாப்பாட்டை விட்டு விலகினால் பழைய தூரத்துக்கே போக வேண்டும். வாரக்கணக்கில் எடுக்கும், ஆனால் காசு செலவில்லை. காட்டுப் பக்கம் போய்வந்தால் காது, கக்கம், விரலிடுக்கு எல்லாம் அன்றன்றே தடவிப் பாருங்கள்.

யாரிடமாவது விடத்தான் வேண்டும் என்றால், நினைத்த நேரம் வந்து பார்ப்பேன் என்று சொல்லுங்கள். மறுத்தால் நாயோடு திரும்பி வந்துவிடுங்கள்.

முற்பணம் திரும்பி வரவில்லை. நேற்று மகன் வேலிக்கு அப்பால் நின்று தகரம் தட்டினான். ஜிம்மி தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்லக் குனிந்து மிச்சச் சோற்றைத் தின்றான்.