பிளகின் ஸ்கான்: பதினொரு நிமிடம் அரை நிமிடமான கதை

கிளிநொச்சியில் வீட்டின் முன்னறைதான் என் ஒலிப்பதிவுக்கூடம். கோயில் பாட்டு, கூத்துப் பாட்டு, பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கான இசை, எல்லாம் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்தான் பதிகிறேன். நாலாவது வருடம் நடக்கிறது. அதோடு சேர்த்துக்கொள்ளும் வாத்திய, எஃபெக்ட் துணை நிரல்கள்தான் பிளகின்கள்; அவற்றை ரீப்பர் தேடிப் பட்டியலிடுவதுதான் ஸ்கான். முதல் வருடம் முழுக்க அந்த ஸ்கானுக்குக் காத்திருந்தே எத்தனையோ மணித்தியாலம் போனது.

ஒரு நாள் மட்டும் மறக்கவே முடியாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய கிழமை, முள்ளியவளையிலிருந்து கோவலன் கூத்துப் பாடும் அண்ணாவியார் (கூத்து ஆசான்) ஒருவர் வந்திருந்தார். எழுபது தாண்டியவர். அன்று காலைதான் எதிரொலி சேர்க்கும் புது ரிவேர்ப் பிளகின் ஒன்றைப் போட்டிருந்தேன். பட்டியலில் அது வரவில்லை என்றதும், கேஷை (முந்திய ஸ்கானின் பதிவை) அழித்து முழுவதையும் திரும்ப ஸ்கான் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டேன். ஐயா மத்தளத்தின் வாரை இழுத்துச் சுதி பார்த்து, ஒரு விருத்தமும் பாடித் தொண்டையைத் திறந்து வைத்திருந்தார். “தம்பி, தொடங்குவமே?” என்றார். “கொஞ்சம் பொறுங்கோ ஐயா.” திரையில் கோடு ஒரே பெயரில் நின்றுவிட்டது. ஏழு நிமிடம், எட்டு நிமிடம். பதினொராவது நிமிடம் கரண்டும் போய், யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. கரண்ட் வந்து பதிவு தொடங்கியபோது அவர் குரல் களைத்துவிட்டது. முதலில் பாடிய அந்த விருத்தம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

அன்று இரவுதான் ஸ்கான் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். மென்பொருள் ஒவ்வொரு பிளகினையும் உண்மையிலேயே திறந்து, உன் பெயர் என்ன, நீ வாத்தியமா எஃபெக்டா, எத்தனை சனல் என்று கேட்டு, பதிலை ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. அடுத்த முறை புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் கேட்டால் போதும். நான் அழுத்திய பொத்தான் அந்த நினைவு முழுவதையும் அழித்துவிடும். புதியதை மட்டும் தேடும் தெரிவு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வருடமாக நான் அதைத் தொடவில்லை.

கோடு ஒரே பெயரில் நின்றதற்குக் காரணம் வேறு. அந்த பிளகின் உரிமச் சாவி கேட்டு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்திருந்தது. அது ரீப்பர் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. ஸ்கான் ஒரே இடத்தில் நின்றால் ஆல்ட், டாப் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

அப்புறம் கோப்புறைகளைத் துப்புரவாக்கினேன். அதிகப் பலன் தந்தது இதுதான். விஎஸ்டி என்பது பிளகின்களின் ஒரு வடிவம். அதன் புதிய விஎஸ்டி3 வகைக்கு விண்டோஸில் நிலையான இடம் உண்டு: புரோகிராம் ஃபைல்ஸுக்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. பழைய விஎஸ்டி2 அப்படியில்லை, எங்கும் கிடக்கும். என் கணினியில் ஸ்கான் பாதையாக புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதுமே கொடுக்கப்பட்டிருந்தது. பிளகினே அல்லாத டிஎல்எல் கோப்புகளையும் (விஎஸ்டி2 பிளகின்களும் இதே வகைக் கோப்புதான்) ரீப்பர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. வெளி ஹாட்டிஸ்கில் தவில், நாதஸ்வர ஒலித்துண்டுகளான சாம்பிள்களோடு கலந்து கிடந்த பிளகின்களையும் உள் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். சாம்பிள்கள் இப்போது தனிக் கோப்புறையில்.

ஒரே பிளகின் விஎஸ்டி2, விஎஸ்டி3 என்று இரண்டு வடிவிலும் இருந்தால் ஸ்கானும் இரண்டு தரம். நிறுவும்போது தேவையில்லாத வடிவத்துக்கு எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே இருப்பதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். நான் அழித்தேன். பிறகு பழைய அம்மன் பாட்டு ஒன்றைத் திறந்தபோது ஐந்து ட்ராக்கில் பிளகினைக் காணவில்லை என்று வந்தது. பழைய வேலைகள் விஎஸ்டி2 வடிவத்தைத்தான் தேடும். அழிக்காமல், ஸ்கான் பாதைக்கு வெளியே வேறு கோப்புறைக்கு நகர்த்தி வையுங்கள். தேவைப்பட்டால் திருப்பிக் கொண்டுவரலாம்.

வைரஸ் தடுப்பும் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது சோதிக்கும். பிளகின் கோப்புறைக்கு விலக்குக் கொடுத்தால் வேகம் கூடும், அது உண்மை. ஆனால் கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) பிளகின் ஒன்றாவது இருந்தால் அந்த விலக்கைக் கொடுக்கவே கூடாது. என் கணினியில் ஸ்கானின் நடுவே செயலிழந்து நின்றவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரீப்பரோடு வரும் பிளகின்களையும் சில இலவசமானவற்றையும் வைத்தே இரண்டு வருடமாகக் கலவை செய்கிறேன். கூத்துப் பாட்டுக்கு அவை தாராளம்.

2022இல் பிட்விக், யு-ஹி என்ற இசை மென்பொருள் நிறுவனங்கள் வெளியிட்ட கிளாப் என்ற பிளகின் வடிவத்தில் பிளகினை முழுதாக இயக்காமலே அதன் விபரத்தை வாசிக்கலாம். ரீப்பரும் அதை ஏற்கிறது. கிடைக்கும் இடங்களில் அதற்கு மாறிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது புதிய ஒன்றைச் சேர்த்தாலும் ரீப்பர் திறக்க அரை நிமிடம் தாண்டுவதில்லை. கணினி அதே பழையதுதான், எஸ்எஸ்டி மட்டும் புதிது. ஸ்கான் முடிந்ததும் ஸ்கானின் பதில்கள் இருக்கும் ‘ரீப்பர்-விஎஸ்டிபிளகின்ஸ்64’ என்ற கோப்பின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து வைக்கிறேன். பாடகர் வரும் நாளில் எதையும் புதிதாக நிறுவுவதில்லை, புதுப்பிப்பதுமில்லை. அந்த அலுவலெல்லாம் முதல் நாள் இரவோடு முடிந்துவிடும். இன்டர்நெட்டில் உரிமம் சரிபார்க்கும் சின்த் (ஒலியை உருவாக்கும் வாத்திய பிளகின்) ஒன்றுதான் இன்னும் மிச்சம். சிக்னல் குறைந்த நாளில் அது ஸ்கானை இழுக்கும். அதன் தம்புரா ஒலிக்காகத்தான் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறேன்.