ஏர் பிஸ்டலில் ஃப்ரண்ட் சைட் ஆடினால்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவர்களுக்குக் குறி சிதறினால் முதல் சந்தேகம் கைமேல்தான் போகும். அடுத்தது மூச்சு, அதற்கடுத்தது ட்ரிகர். குழல் முனையில் குறி பார்ப்பதற்காக இருக்கும் சின்ன ஃப்ரண்ட் சைட் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கோலாலம்பூரில் நான் பயிற்சி எடுக்கும் கிளப்பில் ஒரு சமயம் என் குண்டுகள் மேலும் கீழும் சிதறாமல் இடமும் வலமும் மட்டும் விலகிக்கொண்டே இருந்தன. பக்கத்து லேனில் சுடும் சீனியர் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, கையை விடு. ஃப்ரண்ட் சைட்டை நகத்தால தள்ளிப் பாரு" என்றார். தள்ளினேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் விரலுக்கு ஒரு சின்ன 'டிக்' கேட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சைட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு தேய்ந்து, பிறை மாதிரி பளபளத்தது. அங்கே உலோகம் உரசிக்கொண்டிருந்தது.

இவ்வளவு சின்ன ஆட்டம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குழல் முனையில் உள்ள ஃப்ரண்ட் சைட்டுக்கும் கண் பக்கம் உள்ள ரியர் சைட்டுக்கும் இடையே சுமார் 320 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. நகர்ந்தால் பத்து மீட்டரில் குண்டு ஏறக்குறைய 31 மி.மீ. விலகும். கால் மில்லிமீட்டருக்கு 8 மி.மீ. இலக்குத் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் சரியாக அந்த 8 மி.மீ.தான். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. ஆக, நீங்கள் ஒழுங்காகச் சுட்ட பத்து, ஒன்பதாகப் பதிவாகலாம். பயிற்சியில் இதைவிட மனத்தை உடைக்கிற விஷயம் வேறில்லை.

சரி, எப்படிச் சரிசெய்தேன்? மலேசியாவில் ஏர் பிஸ்டலும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது, லைசென்ஸ் வேண்டும். எங்கள் கிளப்பில் துப்பாக்கிகள் ஆயுத அறையிலேயே இருப்பதால், ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து செய்தேன். குண்டு உள்ளே இல்லை என்று பார்த்து, காற்று சிலிண்டரைக் கழற்றி வைத்த பிறகே ஆலன் கீயை (ஸ்க்ரூ திருகும் அறுகோணச் சாவி) தொட வேண்டும்.

வெறுமனே இறுக்கினால் கொஞ்ச நாளில் மறுபடி தளரும். மரையில் எண்ணெய்ப் பசை இருக்கும்வரை பெரும்பாலான த்ரெட்லாக்கர்கள் (ஸ்க்ரூ தளராமல் இருக்க மரையில் போடும் பசை) ஒழுங்காகப் பிடிக்காது. ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய பசைத் துகள்களைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஸ்க்ரூவையும் அது போகிற துளையையும் துடையுங்கள். பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான், அதிகப் பலன் தந்ததும் இதுதான்.

அப்புறம் த்ரெட்லாக்கரில் எந்த நிறம்? நான் போட்டது ஊதா, லாக்டைட் பிராண்டின் 222. சின்ன ஸ்க்ரூக்களுக்கென்றே வருவது, சாதாரணக் கீயாலேயே பிற்பாடு கழற்றலாம். நீலம் 243 கொஞ்சம் வலுவானது, லேசான எண்ணெயையும் தாங்கும். ஆனால் இவ்வளவு சின்ன ஸ்க்ரூவில் கழற்றும்போது கீ போகும் குழி தேய்ந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. சிவப்புப் பக்கமே போகாதீர்கள். 271ஐக் கழற்ற 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். அலுமினியமும் ரப்பர் சீலும் இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு அது ஆகாது. நெயில் பாலிஷ் போதும் என்பாரும் உண்டு. அடையாளம் வைக்கச் சரி, பிடிமானத்துக்கு நான் நம்ப மாட்டேன்.

மரையின் நடுவில் ஒரே ஒரு துளி. கூடினால் குழல் பக்கம் வழியும். இந்தப் பசை காற்று படாமல் உலோகத்தோடு ஒட்டி இருக்கும்போதுதான் இறுகும், அதனால் வெளியில் வழிந்தது அப்படியே ஈரமாக நிற்கும், துடைத்துவிடுங்கள். முழுதாக இறுக 24 மணி நேரம் விட்டேன். அன்றைக்கே சுட்டுப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும், விடக்கூடாது.

மறுநாள் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஸ்க்ரூ தலையிலிருந்து அடிப்பாகம்வரை மெல்லிய கோடு போட்டேன். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கோடுதான். பெட்டியைத் திறந்ததும் கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும், ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

சைட்டைக் கழற்றி மாட்டினால் குறி கொஞ்சம் மாறியே இருக்கும். புதுத் தாளில் பத்து குண்டு சுட்டுப் பார்த்து, ரியர் சைட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். ரியர் சைட் எந்தப் பக்கம் போகிறதோ குண்டும் அந்தப் பக்கம் போகும். ஃப்ரண்ட் சைட் இதற்கு நேர் எதிர்.

சில வருடமாக இப்படியே ஓடுகிறது. நடுவில் ஃப்ரண்ட் சைட்டின் பிளேடு (குறி பார்க்கும் தகடு) அகலத்தை மாற்றியபோது மட்டும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன், ஊதாப் பசை சிரமமில்லாமல் விட்டுக்கொடுத்தது. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்க்ரூ தலையில் லேசாகத் துரு பூக்கிறது. அதற்கு எண்ணெய் தொட்ட துணியால் மேலே மட்டும் துடைக்கிறேன், மரைக்குள் போக விடுவதில்லை. பெட்டியை மூடும்போது ஃபோம் சைட்டை அழுத்துவதையும் கவனித்து, அந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டேன். போட்டிக்கு சுபாங் சுடுதளத்துக்குப் போகும்போது அதே அளவில் ஒரு உபரி ஸ்க்ரூவும் சரியான ஆலன் கீயும் பையில் இருக்கும்.