கைவிடப்பட்ட தங்கமீனுக்குக் கண்ணாடித் தொட்டியா, சிமெண்ட் தொட்டியா?

வீடு காலி செய்கிறவர்கள் விட்டுப்போகும் தங்கமீனை மதுரையில் எடுத்து வளர்க்க இரண்டு வழி உண்டு. வண்டியூர் கண்மாயில் விடுவது வழியே இல்லை. வெளியூர் மீனும் அதன் நோயும் அங்குள்ள நாட்டு மீன்களுக்குக் கேடு.

வந்த மீனை முதலில் பாருங்கள். துடுப்பு உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கும். நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரும்பாலும் தேங்கிய கழிவின் அம்மோனியா செய்யும் வேலை. இந்த நிலையில் கண்ணாடித் தொட்டிதான் நல்லது. புண், பூஞ்சை எல்லாம் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். ஆனால் புது ஃபில்டரில் அந்த அம்மோனியாவைக் கேடு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அடிக்கடி கால்பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிவிட்டுத்தான். அந்தப் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும், நலமான தொட்டியில் ஓடிய ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முற்றத்துச் சிமெண்ட் தொட்டியில் இடம் தாராளம். 20 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடிய மீனுக்கு அது பெரிய விஷயம். கொசுப்புழுவையும் தின்றுவிடும். புதுத் தொட்டி என்றால் சிமெண்டின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கும். சில வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டுங்கள். பூனைக்கு வலை போதும். வெயில்தான் சிக்கல். தங்கமீன் குளிர்நீர் மீன். சித்திரையில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். தென்னங்கீற்றுப் பந்தல் போட முடியாதென்றால் சிமெண்ட் தொட்டி வேண்டாம்.

பந்தல் இருந்தால், உடம்பு தேறும்வரை கண்ணாடியில் வைத்து, அப்புறம் ஐப்பசி மழைக்காலத்தில் முற்றத்துக்கு மாற்றுவேன்.