காடியின் பெட்ரோல் பம்பை மாற்ற: முழு செட்டா, மோட்டார் மட்டுமா, ஹாஃப்கட்டா?

காராக் நெடுஞ்சாலையில் ஏற்றம் வந்தாலே என் காடி மூச்சு வாங்கும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. கெந்திங் செம்பா சுரங்கத்தை நெருங்கும்போது எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. பின் சீட் பக்கம் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் வேறு.

செந்தூலில் நான் வழக்கமாகப் போகும் ஃபோமன் (மெக்கானிக்), சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு பின் சீட்டில் காதை வைத்தார். சாவி திரும்பியதும், பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் தொட்டிக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் இரண்டு விநாடி ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு, எஞ்சின் சுற்றாவிட்டால் தானாக நிற்கும். "ஓடுதுண்ணே, ஆனா திணறுது," என்றார். குழாயில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தால், 3 பார் காட்ட வேண்டிய இடத்தில் 2 தாண்டவில்லை. கனெக்டரில் 12 வோல்ட் சரியாக வந்தது. அதனால் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே, வயர் மேல் பழி போட முடியாது.

கெட்டது பம்ப்தான். அதை மாற்ற மூன்று வழிகள்: ஹாஃப்கட் கடையின் பழைய பம்ப், புது முழு செட், புது மோட்டார் மட்டும்.

ஹாஃப்கட் கடைப் பம்ப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் காடிகளில் கியர்பாக்ஸ், கதவு எல்லாம் நல்லதாகவே கிடைக்கும், நானே வாங்கியிருக்கிறேன். பம்ப் அப்படியல்ல. உள்ளே கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. பல மாதம் காய்ந்து கிடந்ததா, துருப்பிடித்ததா என்பதும் தெரியாது. மலிவுதான். ஆனால் மாட்டுகிற வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

முழு செட் என்றால் மோட்டார், வடிகட்டி, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, பல காடிகளில் அழுத்தச் சீரமைப்பி, எல்லாம் ஒரே கூட்டில் வரும். பழையதைத் தூக்கு, புதியதை இறக்கு, வேலை முடிந்தது. ஆனால் கெட்டுப்போன ஒரு பாகத்துக்காகக் கெடாத மூன்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

மோட்டார் மட்டும் மாற்றுவது என் கட்சி. அதற்குக் காரணம் அந்தப் பம்பின் அமைப்பே. விரல் நீள மோட்டார், அதன் அடியில் சின்னச் சக்கரம். சக்கரம் உறிஞ்சும் பெட்ரோல் மோட்டாருக்குள்ளேயே புகுந்து மேலே வெளியேறும். போகிற வழியில் அதைக் குளிர்விக்கும், வழவழப்பும் கொடுக்கும். பெட்ரோலுக்குள் மின்மோட்டாரா, தீப்பிடிக்காதா என்று அம்மா கேட்டார். எரியக் காற்று வேண்டும், பம்புக்குள் பெட்ரோல் மட்டும்தான். அப்பாவின் பழைய கார்புரேட்டர் வைத்த புரோட்டான் சாகா காடியில் பம்ப் எஞ்சின் பக்கத்தில் இருந்தது. எஞ்சினின் கேம்ஷாஃப்ட் தண்டு தள்ளித்தான் அது இயங்கும். அழுத்தம் அரை பார்கூட வராது, கார்புரேட்டருக்கு அது போதும். வெயிலில் நெரிசலில் நின்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் அணைந்துவிடும். தொட்டிக்குள் இருக்கும் பம்ப் தூரத்திலிருந்து உறிஞ்சுவதில்லை, அழுத்தித் தள்ளுகிறது. அதனால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

ஆக, தேய்வது பெரும்பாலும் மோட்டார், அடைவது வடிகட்டி. இரண்டையும் டென்சோ, போஷ் தரத்தில் வாங்கினால் போதும். அச்சு அசலாகத் தெரியும் போலிப் பெட்டிகளும் சந்தையில் உண்டு, அதனால் தெரிந்த கடையில்தான் வாங்குவேன்.

பின் சீட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, கூட்டை மேலே தூக்கினார் ஃபோமன். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய வடிகட்டி காபித்தூள் பை மாதிரி கறுத்திருந்தது. மூடிக்குக் கீழே உள்ள ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொன்னேன். பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தது. அதையே திரும்பப் போட்டால் காடிக்குள் நாற்றம் வரும்.

என் காடியில் பெட்ரோல் அளவு முள் இன்னும் ஒழுங்காகக் காட்டுகிறது. அதுவும் பொய் சொல்லியிருந்தால் நானும் முழு செட்டுக்கே போயிருப்பேன்.