லாரி என்ஜின் சத்தத்துக்கு பாட்டில் மருந்து: ஏமாந்துவிடாதீர்கள்

லாரி வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள் எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என்ஜினில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்று போய் நின்றதும், எதையும் திறந்து பார்க்காமல் "கெட்டி ஆயில் போட்டு ஒரு பாட்டில் ஊத்தினா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கே விடாதீர்கள். எங்கள் வண்டியை இப்படித்தான் கெடுத்தார்கள்.

எங்களுடையது டீசல் என்ஜின், டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி) ஸ்க்ரூவில் செட் செய்யும் பழைய அமைப்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் டிக் சத்தம், என்ஜின் சூடான பிறகும் அடங்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதே வேகத்தில் கூடியது. ஒர்க்‌ஷாப்காரர் பானெட் பக்கம் நின்று கேட்டுவிட்டு, "ஆயில் தண்ணியா இருக்கு, அதான்" என்றார். டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. கையேட்டில் ஆயில் கிரேடு 15W-40 என்று இருக்க, 20W-50 ஊற்றினார் (பின்னால் உள்ள எண் கூடினால் சூட்டில் ஆயில் கெட்டி). கூடவே, சத்தத்தை நிறுத்தும் என்று ஒரு சேர்க்கை பாட்டில்.

சத்தம் உண்மையிலேயே குறைந்தது. இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான். 100 டிகிரி செல்சியஸில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும், 50 கிரேடில் 16.3 முதல் 21.9 வரை. ஆயில் கெட்டியானால் உலோகங்களுக்கு நடுவே படலம் தடிக்கும், இடிக்கிற ஓசை மங்கும். ஆனால் இடைவெளி அப்படியேதான் இருக்கும், தேய்மானமும் நிற்காது. குளிர்ந்த என்ஜினில் கெட்டி ஆயில் மேலே ராக்கர் வரை ஏறிச் சேரவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

பாட்டிலில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு நிதானமாகப் படித்தேன். ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பாகம்) சத்தத்துக்கானது என்று இருந்தது. எங்கள் என்ஜினில் ஹைட்ராலிக் லிஃப்டரே கிடையாது! லிஃப்டர் உள்ள என்ஜினில் அழுக்குப் படிந்து அது சிக்கிக்கொண்டால், சரியான கிரேடில் புது ஆயில் மாற்றினாலே சில சமயம் சத்தம் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஸ்க்ரூ வைத்த டேப்பட்டில் எந்தத் திரவத்தை ஊற்றியும் இடைவெளியைக் குறைக்க முடியாது. இது என்ஜின் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை. தெரியாமல் விற்றாரா, தெரிந்தே விற்றாரா, இரண்டுமே எனக்கு ஒன்றுதான்.

சத்தம் திரும்பி வந்தது. திரும்பப் போனோம். இந்த முறை, "உள்ள அழுக்கு இருக்கு, ஃபிளஷ் பண்ணணும்" என்று ஒரு கரைப்பானை ஊற்றி ஐட்லிங்கில் ஓடவிட்டு வடித்தார்கள். அதன் பிறகு என்ஜின் சூடாகி ஐட்லிங்கில் நிற்கும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரியத் தொடங்கியது. கேட்டதற்கு "சென்சார் கோளாறு" என்று பதில். அந்த வார்த்தையை நம்பி ஓட்டியிருந்தால் கிராங்க் மிஞ்சியிருக்காது.

வேறொரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவர் செய்ததைத்தான் முதல் நாளே யாராவது செய்திருக்க வேண்டும். முதலில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டி அளந்தார். பிரஷர் நிஜமாகவே குறைவு, சென்சாரில் குறையில்லை. அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினால், ஃபிளஷ்ஷில் பெயர்ந்த கறுப்புக் கசடு ஆயில் உறிஞ்சும் இடத்து ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துக்கொண்டிருந்தது. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துக் காட்டினார், உலோகப் பொடி மினுங்கியது. பேரிங்குகளில் கீறல்.

அப்புறம் டேப்பட் கவரைத் திறந்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்தார். ஒரே ஒரு ராக்கரில் லாக் நட் தளர்ந்து இடைவெளி கூடியிருந்தது. அந்த டிக் சத்தம் அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் இடைவெளியைச் செட் செய்து நட்டை இறுக்கும் வேலையோடு முடிந்திருக்கும். நாள்பட இடித்ததில் ராக்கர் முனையும் புஷ் ராடும் தேய்ந்து, அவற்றையும் பேரிங்குகளையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

டிக் சத்தம் எங்கிருந்தும் வரலாம். புகை வெளியேறும் மேனிஃபோல்டின் ஸ்டட் உடைந்தோ கேஸ்கட் போயோ புகை கசிந்தாலும் அச்சு அசலாக அதே ஓசைதான். குளிர்ந்திருக்கும்போது அதிகமாகவும், உலோகம் சூட்டில் விரிந்ததும் குறைவாகவும் கேட்டால் அங்கே கரி படிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சத்தமும் இப்படி இருக்கும். இந்த இரண்டுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் தொடர்பே இல்லை. கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் டேப்பட் சத்தமும் அந்தப் பாதி வேகத்தில்தான் தட்டும். கீழேயிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் அது பேரிங்காக இருக்கலாம், அப்போது என்ஜினை நிறுத்திவிடுங்கள். ஸ்டெதஸ்கோப் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க நல்ல மெக்கானிக்குக்கு அதிக நேரம் ஆகாது. ஒன்று மட்டும், டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தும் காமன் ரெயில் என்ஜினில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஆயில் விஷயத்தில் கையேட்டில் உள்ள கிரேடையும் API (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தர வகையையும் விட்டு விலகாதீர்கள். CK-4, FA-4 என்ற டீசல் ஆயில் வகைகள் இரண்டும் 2016 டிசம்பரில் ஒன்றாக வந்தவை என்றாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. FA-4 மெலிசானது, அதற்கென்று வடிவமைத்த என்ஜினுக்கு மட்டும். நல்ல டீசல் ஆயிலில் தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மம், அழுக்கைக் கரைப்பது, கரைந்ததை மிதக்க வைப்பது எல்லாம் அளவோடு ஏற்கெனவே கலந்திருக்கும். வெளியிலிருந்து ஊற்றுவது அந்த அளவைக் குலைக்கும். குளோரின் கலந்த பாரஃபின் உள்ள பாட்டில்கள் சூட்டில் அமிலமாக மாறி உலோகத்தை அரிக்கக்கூடியவை. புகை வடிகட்டி உள்ள புதிய லாரிகளுக்கு இன்னொரு கேடும் உண்டு: CK-4 ஆயிலில் சல்ஃபேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதே அந்த வடிகட்டி அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. பாட்டில்காரர் அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

பழைய ஒர்க்‌ஷாப்பில் போய் நியாயம் கேட்டபோது, "சத்தம் குறைஞ்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்கள். பில்லில் 'ஆயில் சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது, ஆயில் கிரேடும் இல்லை, பாட்டில் பெயரும் இல்லை, ஃபிளஷ் செய்ததும் இல்லை. அதனால் எங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. வண்டியை விடும்போதே என்ன ஊற்றப் போகிறார்கள் என்பதைக் கிரேடோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள், காலி டப்பாக்களையும் கழற்றிய பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்கி வையுங்கள். தர மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.